எல்லை தாண்டி வந்து அவர் விட்டார், அவர் மனைவி தொடங்கினார்

கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், ஃபிரெஸ்னோ வட்டாரத்தில், வருமானம் குறைந்தவர்களுக்கான ஒரு கிளினிக்கில் புகைப்பழக்க ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள், அல்லது அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். திராட்சை, பாதாம் தோட்டங்களில் கூலி வேலை, ஆரஞ்சைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகை, ஹோட்டல் சமையலறை, லாரி என்று பிழைப்பு. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ‘டொக்தோரா’தான். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சியின் தொடக்கத்திலேயே ஒரு செய்தியைச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்க வாழ்க்கைக்குப் பழகப் பழக லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த, ஆண்களிடம் புகைப்பழக்கம் குறையும், பெண்களிடம் கூடும் என்பது அது. சொல்வதோடு சரி. எதனால் இப்படி, அதை வைத்துக்கொண்டு எதிரே இருப்பவரிடம் என்ன பேசுவது என்பதெல்லாம் நோயாளிகளிடமிருந்தே கற்றது. வெளிநாடுகளில் நர்சாக, மருந்தாளுநராக, சமூகப் பணியாளராக இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்களுக்கு மருந்தும் புத்தியும் சொல்ல வேண்டிய வேலை அவர்களுக்கும் வாய்க்கிறது. இது அவர்களுக்கு உதவலாம்.

செய்தி பழையதுதான். 1980களில் சான்பிரான்சிஸ்கோவில் எலிசேயோ பெரெஸ்-ஸ்டாப்லே என்ற மருத்துவரும், ஜெரார்டோ மரீன், பார்பரா மரீன் என்ற ஆய்வாளர்களும் அந்நகரத்து லத்தீனோ மக்களின் புகைப்பழக்கத்தை ஆராய்ந்தார்கள். 1989இல் வெளிவந்த அவர்களது கட்டுரை இதைத்தான் சொன்னது. அமெரிக்க வழக்கத்துக்கு அதிகம் பழகிய பெண்கள் மற்றப் பெண்களைவிட அதிகம் புகைத்தார்கள். ஆண்களிலோ குறைவாகப் பழகியவர்களே அதிகம் புகைத்தார்கள். பழகியவர் யார், பழகாதவர் யார் என்று பிரிப்பதற்கு 1987இல் இதே குழுவினர் 12 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டிருந்தார்கள். வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள், எந்த மொழியில் யோசிப்பீர்கள், டிவியும் ரேடியோவும் எந்த மொழியில், நெருங்கிய நண்பர்கள் யார் என்ற மாதிரிக் கேள்விகள். இன்றைக்கும் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். சிக்கனமான, நல்ல கருவி.

ஆனால் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டதால் யாரும் சிகரெட்டைப் பற்றவைப்பதில்லை. மொழி வெளியே தெரிகிற அடையாளம். உள்ளே மாறுவது, ஒருவர் யார் கண்ணெதிரே வாழ்கிறார் என்பது. ஊரில் ஆணைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் வேறு, பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் வேறு. எல்லை தாண்டியதும் ஆணைக் கண்காணிக்க ஆட்கள் கூடுகிறார்கள், பெண்ணைக் கண்காணிக்க ஆட்கள் குறைகிறார்கள். நான் பார்த்தவரையில் மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகிறது.

மெக்சிகோவில் 2015இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஆண்களில் 25.2 சதவீதம் பேரும் பெண்களில் 8.2 சதவீதம் பேரும் புகைப்பதாகச் சொன்னார்கள். மூன்றுக்கு ஒன்று. அதே கணக்கெடுப்பில் தினமும் புகைப்பவர்கள் மொத்த வயது வந்தோரில் 7.6 சதவீதம்தான், மீதிப் பேர் அவ்வப்போது புகைப்பவர்கள். இந்த ‘அவ்வப்போது’ என்பதுதான் எங்கள் கிளினிக் படிவங்களில் நழுவிப்போகிறது.

படிவத்தில் ‘புகைப்பவரா? ஆம் / இல்லை’ என்று இருக்கும். கொட்டகையில் வேலை பார்க்கும் ஒரு மனிதர் ‘இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை புகைப்பவர் என்றால் தினமும் ஒரு பாக்கெட்டை ஊதித் தள்ளுகிற ஆள். “பீர் குடிக்கும்போது?” என்று கேட்டால் முகம் மலரும். “ஆ, அப்போது உண்டு, டொக்தோரா.” சனிக்கிழமை இரவு எத்தனை என்று கேட்டால் ஐந்து, ஆறு, சில நாள் ஒரு பாக்கெட்டில் பாதி. அமெரிக்க அரசின் கணக்கெடுப்பில் புகைப்பவர் என்பதற்கு ஒரு வரையறை உண்டு: வாழ்நாளில் குறைந்தது 100 சிகரெட் பிடித்திருக்க வேண்டும், இப்போது தினமுமோ சில நாட்களிலோ பிடிக்க வேண்டும். தன் வாழ்நாளில் பிடித்ததை எண்ணி வைத்திருக்கும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதிலும் சிகரெட்டைச் சில்லறையாக வாங்கிப் பழகியவரிடம் 100 என்றால் அவர் எதைப் பிடித்து எண்ணுவார்? மெக்சிகோ கிராமத்துக் கடைகளில் சட்டம் தடுத்தாலும் ஒன்றிரண்டாக உருவிக் கொடுப்பார்கள் என்று ஒருவர் விளக்க ஆரம்பித்தபோது, நம் பெட்டிக்கடையில் தொங்கும் நெருப்புக் கயிறு என் கண்முன் வந்து நின்றது. மேற்கொண்டு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஆம், இல்லை என்று கேட்பதை விட்டுவிட்டேன். “கடைசியாக எப்போது ஒரு சிகரெட் பிடித்தீர்கள்? யாரோடு? எந்த இடத்தில்?” இந்த மூன்றும்தான் இப்போது என் கேள்விகள். எத்தனை என்பதை இதற்குப் பிறகே கேட்கிறேன், அதற்கு வரும் எண்ணைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. 1982 முதல் 1984 வரை நடந்த லத்தீனோ மக்களுக்கான தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் எடுத்த ரத்தத்தில் கொட்டினின் அளவைப் பார்த்தார்கள். நிகோடின் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள் அது. நாளுக்குச் சில சிகரெட்தான் என்று சொன்ன மெக்சிக அமெரிக்கர்களில் ஒரு பகுதியினரிடம் அந்தப் பேச்சுக்குப் பொருந்தாத அளவு அது கூடுதலாக இருந்தது. இதைக் காட்டி ஒருவரை மடக்குவது வீண் வேலை. எதிரே இருப்பவர் மனம் கோணாமல் பதில் சொல்வது அந்த மக்களிடம் ஊறிய மரியாதை. நாம் எதிர்பார்க்கிற பதிலை நம் முகத்திலிருந்தே படித்துவிடுவார்கள். முகத்தில் எதையும் எழுதி வைக்காமல் கேட்கப் பழக வேண்டும்.

ஆண்கள் இங்கே வந்து எப்படிக் குறைக்கிறார்கள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஊரில் காசுக்கு ஒன்றாக வாங்கியவர் இங்கே 20 சிகரெட் கொண்ட பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். உடைத்துச் சில்லறையாக விற்பது அமெரிக்கா முழுவதும் சட்டப்படி தடை. கலிபோர்னியாவில் 2017 ஏப்ரலில் பாக்கெட்டுக்கு 2 டாலர் வரி ஏற்றினார்கள். மாநில வரி மட்டும் இப்போது 2.87 டாலர். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் இதையெல்லாம் கணக்குப் போடுவார். மூடிய வேலையிடங்களில் புகைக்கக் கூடாது என்ற சட்டம் 1995இலேயே வந்துவிட்டது, மதுக்கூடங்களுக்கு 1998இல். 2008 முதல் காரில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் பற்றவைக்க முடியாது. விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனில் ‘ரைத்தேரோ’ எனப்படும் ஓட்டுநர் வைத்ததுதான் சட்டம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒருவர் கணக்குச் சொன்னார்: “ஊரில் என்னை யாரும் தடுத்ததில்லை. இங்கே முதலாளி, ஓட்டுநர், வீட்டுச் சொந்தக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து படம் வரைந்துகொண்டு வருகிற என் மகள், எல்லோருமே போலீஸ்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்படி மிஞ்சுவதுதான் சனி, ஞாயிறு. பெண் பிள்ளைக்கு 15 வயது நிறையும்போது மண்டபம் எடுத்து நடத்தும் கின்சியன்யேரா விழாக்களுக்கு என்னையும் அழைப்பார்கள். உள்ளே இசையும் ஆட்டமும் நடக்க, வெளியே பிக்கப் வண்டிகளின் பின்கதவை இறக்கிவிட்டு அதில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பாக்கெட் பத்துக் கைகளில் சுற்றும். நீட்டப்படும் சிகரெட்டை மறுப்பது மரியாதைக் குறைவு. வாரம் முழுக்க ஒன்றும் பிடிக்காதவர் அங்கே ஆறு பிடிப்பார். இவருக்குச் சிகிச்சை என்பது அந்த ஒரு கணத்தில் என்ன சொல்லித் தப்பிப்பது என்பதுதான். “மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் கூடாதென்று சொல்லிவிட்டார்” என்று சொல்லச் சொல்கிறேன். ‘நான் விட்டுவிட்டேன்’ என்றால் மற்றவர்களைக் குறை சொன்னது போல ஆகிவிடுமாம். மருந்து என்றால் ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். அந்த மருந்து நிகோடின் சூயிங்கமாக இருந்தால் பேச்சில் பொய்யும் இல்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது.

மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்திலிருந்து வந்த நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். ஆரஞ்சுக் கொட்டகையில் வேலை. ஊரில் அவர் தொட்டதே இல்லை. அவருடைய அம்மா, அத்தைகள், மாமியார் யாரும் தொட்டதில்லை. கலிபோர்னியாவில் நான்கு மணி நேர வேலைக்குச் சம்பளத்தோடு பத்து நிமிட இடைவேளை கொடுக்க வேண்டும். கொட்டகையில் அந்தப் பத்து நிமிடத்தை இரண்டு விதமாகக் கழிப்பார்கள். ஒரு கூட்டம் உள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்யும். இன்னொரு கூட்டம் பின்வாசல் வழியே புகைக்கப் போகும். மேற்பார்வை செய்யும் பெண்மணி இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். அடுத்த வாரம் கூடுதல் நேர வேலை யாருக்கு, எந்த வரிசையில் ஆள் குறைகிறது என்ற பேச்செல்லாம் அங்கேதான் நடந்தது. இவர் முதலில் வெறும் கையோடு போய் நின்றார். வெறும் கையோடு எத்தனை நாள் நிற்பது?

பிறகு அதற்கென்று ஒரு ஏற்பாடே உண்டாகிவிட்டது. காரின் டிக்கியில் கணவரின் பழைய ஜாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்படும் முன் வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் அதை மாட்டிக்கொண்டு, தலைமுடியைக் குல்லாய்க்குள் செருகி, ஒன்று பிடிப்பார். முடிந்ததும் ஜாக்கெட் திரும்ப டிக்கிக்கு. பையிலிருந்து ஆரஞ்சுத் தோலை எடுத்து விரலிடுக்குகளில் அழுத்தித் தேய்ப்பார், நகக்கண் வரைக்கும். அதன்பின் மிளகாய்த்தூள் போட்ட புளி மிட்டாய் ஒன்று வாய்க்குள். கணவருக்குப் பல ஆண்டுகளாகத் தெரியாது. கணவர் புகைப்பதை விட்டவர் என்பதும், விட வைத்தவர் இவரே என்பதும் பேச்சு வளர்ந்தபின் வந்த தகவல்.

“வீட்டில் ஆறு பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வண்டியருகே நிற்கிற அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்” என்றார். நிகோடினைப் பற்றிப் பேச வந்த எனக்கு இந்த இடத்தில் கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தால் யார் விடுவார்கள்? அவரிடம் நான் கேட்டது, அந்தப் பத்து நிமிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு சிகரெட்டை மட்டும் கழிக்க முடியுமா என்பது. வண்டி நிறுத்துமிடத்தின் அதே கோடிக்குப் போகிறார், கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ஏசியில் உட்காருகிறார். தங்கையோடு பேசுகிறார் அல்லது ஒருவரோடும் பேசாமல் இருக்கிறார். இடைவேளையில் மேற்பார்வைப் பெண்மணியோடு நிற்க வேண்டிய காரணம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு நிகோடின் சூயிங்கம். அங்கே போய் நிற்கலாம், மெல்லலாம், வேலைச் செய்தி கிடைக்கும்.

பெண்ணின் சுதந்திரத்தையும் சிகரெட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதில் கம்பெனிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பெண்களுக்கென்றே 1968இல் வந்த வெர்ஜீனியா ஸ்லிம்ஸ், ‘நீ எவ்வளவு தூரம் வந்துவிட்டாய்’ என்ற தொனியில் விளம்பரம் செய்தது. 1999இல் அதே பிராண்டு, ‘உன் குரலைக் கண்டுகொள்’ என்று பல இனப் பெண்களின் படங்களோடு, லத்தீனா பெண்களையும் குறிவைத்து ஒரு விளம்பர வரிசை நடத்தியது. ரியோ, டொராடோ என்று ஸ்பானியப் பெயர் சூட்டிச் சிகரெட் விற்றதையும் பொதுச் சுகாதாரத் துறையினர் பதிவு செய்திருக்கிறார்கள். கிராமத்தை விட்டு வந்து, முதன்முதலாகத் தன் பெயரில் சம்பளக் காசோலை வாங்குகிற பெண்ணுக்கு இந்தப் பேச்சு எங்கே போய்த் தைக்கும் என்பது விளம்பரக்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குடும்பத்தைத் துணைக்கு அழையுங்கள் என்பது லத்தீனோ நோயாளிகளைப் பற்றி எழுதும் எல்லோரும் சொல்லும் ஆலோசனை. குடும்பப் பாசம் அவர்களின் பலம், அதைப் பயன்படுத்துங்கள் என்பார்கள். ஆண்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் காற்று நாட்டிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு. “மகனுக்கு இழுப்பு வந்த இரவில் வீட்டுக்குள் புகைத்தீர்களா?” என்று ஒரு தகப்பனிடம் கேட்டால் போதும், அடுத்த தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பெண்களுக்கு இதே ஆலோசனை விஷமாகலாம். அவர் யாருக்கு ஒளித்துப் புகைக்கிறாரோ அந்தக் கூட்டத்தையே துணைக்குக் கூப்பிடச் சொல்கிறோம். பெண் நோயாளியிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் யாருக்குத் தெரியும் என்பதை. பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். ஒருவருக்கும் தெரியாது என்றால் நினைவூட்டல் போன் வீட்டு எண்ணுக்குப் போகக் கூடாது. குறுஞ்செய்தி அவருடைய சொந்த எண்ணுக்கு மட்டும், அதிலும் புகை என்ற பேச்சே இருக்கக் கூடாது. மருந்துப் பையில் பெரிய எழுத்தில் ‘புகையை நிறுத்துங்கள்’ என்று அச்சடித்துக் கொடுக்கும் மருந்துக் கடைகள் உண்டு. பையை மாற்றித் தரும்படி சொல்லிவிடுவேன். துணை வேண்டும் என்றால் கோமாத்ரேயைக் கேட்கச் சொல்கிறேன். ஒருவர் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இன்னொருவர் ஞானத்தாயாக நின்றதால் உண்டாகும் உறவு அது. சொந்தச் சகோதரியை விடவும் ரகசியம் காப்பாள்.

தாயின் பதிலைப் பிள்ளை மொழிபெயர்க்கும் அறையில் ஒரு தாயும் ‘ஆம்’ என்று சொல்ல மாட்டாள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வதை அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனாலும் கூட்ட நெரிசலில் நடந்துவிடுகிறது. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. இன்னொன்று: இங்கே வரும் மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தவர் பலருக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி. மிஸ்தெக் என்ற பழங்குடி மொழி பேசுகிற பெண்ணிடம் ஸ்பானியத் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துக்கொள்வார், நன்றி சொல்வார், அவ்வளவுதான். அவர்கள் மொழி பேசும் ப்ரொமோதோரா, அதாவது அந்த மக்களிலிருந்தே பயிற்சி பெற்று வரும் சுகாதாரப் பணியாளர், அரை மணி நேரத்தில் செய்வதை நான் ஆறு மாதத்தில் செய்ய முடியாது. ஆனால் ஒன்றில் எனக்கு அவர்களைவிட வசதி. நான் அவர்கள் ஊர்க்காரியோ உறவோ கிடையாது, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தேவாலயத்துக்கும் வருவதில்லை. என் காதில் போட்டது அந்தத் தெருவுக்குப் போகாது. ப்ரொமோதோராவிடம் மறுத்த பெண்கள் என்னிடம் ஒப்புக்கொண்டது உண்டு.

மருந்து பற்றிச் சில விஷயங்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரோ மருந்தாளுநரோதான் முடிவு செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் 2014இல் அமலுக்கு வந்த ஒரு சட்டத்தின்படி நிகோடின் மாற்றுப் பொருட்களை மருந்தாளுநரே தரலாம். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு தோலில் ஒட்டிக்கொள்ளும் 21 மில்லிகிராம் நிகோடின் பட்டையில் தொடங்குவது வழக்கம், பத்தும் அதற்குக் குறைவும் என்றால் 14. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. வழக்கப்படி 21ஐ எடுத்துக் கொடுத்துவிட்டால் தலைசுற்றி, குமட்டி, ‘இது சிகரெட்டை விட மோசம்’ என்று கழற்றி எறிந்துவிடுவார்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் பிடிப்பவருக்குப் பட்டையே தேவைப்படுவதில்லை. கோடையில் இங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், திராட்சைக் கொடிக்குக் கீழே குனிந்து நிற்பவரின் மேல் ஒட்டியது எதுவும் நிற்காது. விடியற்காலையில் குளித்துத் துடைத்து, முடியில்லாத மேற்கையில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு வேலைக்குக் கிளம்பச் சொல்கிறோம். எண்ணெயோ க்ரீமோ தடவிய தோலில் ஒட்டக் கூடாது. தினமும் இடத்தை மாற்ற வேண்டும். இரவில் கெட்ட கனவு வருகிறது என்றால் படுக்கும்போது எடுத்துவிடலாம்.

சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, வாயில் காரமாகச் சுரசுரக்க ஆரம்பித்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்க வேண்டும். சுரசுரப்பு அடங்கியதும் மறுபடி மெல்லலாம். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, சோடா கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஈறு வழியே சரியாக இறங்காது. ஆரஞ்சுக் கொட்டகைப் பெண்மணிக்குச் சூயிங்கம் வேலை செய்யவில்லை என்று வந்தபோது நான் தேடியது இதைத்தான். புளி மிட்டாயைச் சப்பிக்கொண்டே அதையும் மென்றிருக்கிறார். மிட்டாயை மாலைக்கு மாற்றினோம். புளியை விடு என்று அவரிடம் சொல்ல எந்தத் தமிழச்சிக்கும் மனம் வராது.

‘லத்தீனோ’ என்று பொதுவாக எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. 2021இல் அமெரிக்க வயது வந்தோரில் 11.5 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள், அரசுக் கணக்கில் ஹிஸ்பானியர் எனப்படும் லத்தீனோ மக்களில் 7.7 சதவீதம்தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை என்று நிதியை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2008 முதல் 2011 வரை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலும் சிகாகோ, மயாமி, சான்டியாகோ நகரங்களிலும் 16,000க்கும் அதிகமான லத்தீனோ மக்களைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வில் போர்ட்டோரிக்கோ ஆண்களில் 35 சதவீதமும் பெண்களில் 32.6 சதவீதமும் புகைத்தார்கள். கியூபர்களில் ஆண்கள் 31.3, பெண்கள் 21.9. டொமினிக்கர்களில் இருபாலரும் 11, 12 சதவீதத்தை ஒட்டியே. போர்ட்டோரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். தீவுக்கும் நியூயார்க்குக்கும் போக்குவரத்து தலைமுறைகளாக நடக்கிறது. அங்கே ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டார்கள். நான் எழுதுவது மெக்சிகோ கிராமங்களிலிருந்து வந்தவர்களைப் பற்றி. பிராங்க்ஸில் இதே வேலை செய்கிற ஒருவர் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் காலை வாரிவிடும். வருகிறவரிடம் எந்த நாடு, எந்த ஊர், எத்தனை வயதில் வந்தீர்கள் என்று கேட்டுவிடுவது இரண்டு நிமிட வேலை.

இங்கேயே பிறந்த மகள்கள் தனிக் கதை. அவர்கள் அம்மாவைப் போல ஜாக்கெட் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மாம்பழ வாசனை வரும் மின்சிகரெட்டுக்கு ஆரஞ்சுத் தோல் எதற்கு? கருவுற்றதும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம் என்பது ஆறுதல். 2016இல் கர்ப்ப காலத்தில் புகைத்த ஹிஸ்பானியத் தாய்மார்கள் 1.8 சதவீதம்தான், வெள்ளைத் தாய்மார்கள் 10.5. பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் மாதத்தில்தான் அவர்களைத் தேடிப்போய்ப் பேச வேண்டும். பிரசவ வார்டில் எல்லோரும் நல்ல பிள்ளைகள்.

தொலைபேசி உதவியை எங்கள் ஆட்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். ஸ்பானிய மொழிக்கென்று நாடு முழுவதற்கும் 1-855-335-3569 என்ற இலவச எண் இருக்கிறது. எண்ணை எழுதிக் கொடுத்தால் கூப்பிட மாட்டார்கள்; அரசாங்கம், கணினி, பெயர், முகவரி என்று பயம். என் அறையிலேயே, என் போனிலிருந்தே, ஒலிபெருக்கியைப் போட்டுக் கூப்பிட்டு முதல் ஐந்து நிமிடம் கூடவே இருந்தால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். விசா பற்றிக் கேட்க மாட்டார்கள் என்பதை அவர்கள் காதாலேயே கேட்டுவிடுகிறார்கள்.

டிசம்பரில் பலர் ஊருக்குப் போவார்கள். என் வேலையில் அதிகம் சொல்லிக்கொடுத்தது அந்த மாதம்தான். வருடம் முழுக்க விட்டிருந்த ஆண்கள் ஜனவரியில் இருமிக்கொண்டு திரும்புவார்கள். மெக்சிகோவில் 2023 ஜனவரியிலிருந்து பொது இடங்களில் புகைக்கத் தடை இருந்தாலும், ஊர்த் திருவிழாவில் மைத்துனன் நீட்டும் சிகரெட்டுக்குச் சட்டம் எட்டுவதில்லை. அதே ஊருக்குப் போன ஆரஞ்சுக் கொட்டகைப் பெண்மணி, மாமியார் வீட்டில் மூன்று வாரம் ஒன்றுகூடத் தொடவில்லை. கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன். “முதல் மூன்று நாள் தலைவலி. பிறகு நினைப்பே இல்லை” என்றார். திரும்பி வந்து முதல் ஷிப்ட் முடிந்ததும் டிக்கியைத் திறந்துவிட்டார்.

ஆகவே எங்கள் நாட்காட்டி இப்போது இருவருக்கும் வேறு வேறு. ஊருக்குப் போகும் ஆண்களை நவம்பர் கடைசியிலேயே கூப்பிட்டு, பயண நாட்களுக்கும் சேர்த்துச் சூயிங்கமோ பட்டையோ கட்டிக் கொடுத்து, விருந்தில் சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பேசிப் பார்க்க வைத்து அனுப்புகிறோம். பெண்களுக்கு அப்போது ஒன்றும் கொடுப்பதில்லை. அவர்கள் திரும்பி வேலைக்குச் சேரும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளுக்கு நேரம் ஒதுக்கிவிடுகிறோம். ஜாக்கெட்டையும் அன்றைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கிளினிக் வாசலில் பழைய துணி போடும் பெட்டி ஒன்று இருக்கிறது.